ஈரத் தலையைப் பார்த்தால் ஊசியைக் கீழே வையுங்கள்

ஓய்வு பெற்றவர்கள் புதிதாக வருகிறவர்களுக்குத் தங்கள் அனுபவத்தைத் துறை மலருக்கு எழுதித் தர வேண்டும் என்று துறையில் கேட்டிருக்கிறார்கள். போனில் கேட்ட டாக்டர் நல்ல பையன். "மேடம், கொஞ்சம் இனிமையான நினைவுகளா இருந்தா நல்லா இருக்கும்" என்று சொல்லிவிட்டுத்தான் வைத்தான். இனிமையான நினைவுகளும் என்னிடம் இருக்கின்றன. அவற்றை வீட்டில் சொல்லிக்கொள்கிறேன். உங்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ரத்தம் கொதிக்கிறது. கொஞ்சம் சத்தமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் வேலை என்னவென்று கேட்கிறவர்களுக்கு நான் இப்படித்தான் சொல்வது வழக்கம். தொடையில் சின்னதாக ஒரு துளை போட்டு, நூல் மாதிரி ஒரு குழாயை ரத்தக் குழாய்க்குள் விட்டு, எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே, உடம்புக்குள் எங்கே ரத்தம் ஒழுகுகிறதோ அங்கே போய் அடைக்கிறோம். வயிற்றைக் கிழிக்க வேண்டாம். மயக்க மருந்தும் பெரும்பாலும் வேண்டாம். பிளம்பர் வேலை என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். கோபம் வரும், ஆனால் தப்பு என்று சொல்ல முடிந்ததில்லை.

அடைப்பதற்கு என் காலத்தில் சுருள் கம்பி இருந்தது, பஞ்சுத் துண்டு இருந்தது, பசை இருந்தது. நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருஷங்கள் முன்னால்தான் ஜெல் வந்தது. ஊசிக்குள் இருக்கும்வரை இளகலாக இருக்கும். குழாய் வழியாகத் தள்ளினால் சொன்ன பேச்சைக் கேட்டுப் போகும். ரத்தக் குழாய்க்குள் விழுந்ததும் கடல்பாசிப் பலகாரம் மாதிரி இறுகி நின்றுவிடும். அதில் பெரும்பங்கு தண்ணீர்தான். சுருள் கம்பியைப் போட்டால் அதைச் சுற்றி நோயாளியின் ரத்தமே உறைந்து அடைத்துக்கொள்ள வேண்டும். உறையாத ரத்தமாக இருந்தால் கம்பி பாட்டுக்குக் கிடக்கும், ரத்தம் பாட்டுக்குப் போகும். ஜெல்லுக்கு அந்தத் தயவு தேவையில்லை.

அதன் அருமையை நான் மறுக்கவில்லை. மல்லாங்கிணறு பக்கத்து விவசாயி ஒருவர் வந்தார். இதயத்தில் வால்வு மாற்றியவர், ரத்தம் உறையாமலிருக்க தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர். டிராக்டரிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு நொறுங்கி, உள்ளுக்குள் குடம் குடமாகக் கொட்டிக்கொண்டிருந்தது. கம்பி போட்டும் நிற்கவில்லை. ஜெல்லைத் தள்ளினோம், குழாயை மூடின மாதிரி நின்றது. மறுநாள் வார்டுக்குப் போனேன். "எனக்குள்ள என்னத்த ஊத்துனீக டாக்டரம்மா?" என்றார். கடல்பாசி மாதிரி ஒரு சாமான் என்றேன். "அது எங்க ஊரு பேக்கரியில கிடைக்குமே, அதுக்கா இம்புட்டு பெரிய மிசினு?" என்றார். வார்டே சிரித்தது, நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகுதான் பைத்தியம் பிடித்தது. எங்கே ஒழுகினாலும் ஜெல், எதற்கெடுத்தாலும் ஜெல். ஜெல் விற்கிற கம்பெனிக்காரர் ஒருவர் டை கட்டிக்கொண்டு வாரத்தில் பாதி நாள் எங்கள் அறையில்தான் இருந்தார். தென்மாவட்டங்களில் சிறுநீரகக் காயத்துக்கு முதன்முதலாக ஜெல் போட்டவர்கள் நாங்கள்தான் என்று வீடியோ எடுக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. எங்கள் துறைத் தலைவருக்கு அவரைவிட ஆசை. தலைவரைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். கை சுத்தமான கை, வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆனால் நோயாளிக்கு என்ன நடந்தது என்று யாராவது விசாரித்தால் அவருக்குப் பொறுக்காது. "படம் கையில இருக்கும்போது கதை எதுக்கும்மா?" என்பார். எனக்குக் கீழே வந்த பிள்ளைகள் எல்லாரும் அவரிடம் இதைத்தான் முதலில் கற்றுக்கொண்டார்கள். இதை மட்டும் அவ்வளவு சுலபமாகக் கற்றுக்கொண்டுவிடுகிறீர்கள்.

செல்வி வந்தது தீபாவளி சீசனில்.

சீசன் என்றால் இந்தப் பக்கத்தில் என்னவென்று வெளியூர்ப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ஆர்டர் குவியும். பட்டாசுக் கம்பெனிக்குள் செய்து முடிக்க முடியாது. கான்ட்ராக்டர் ஒருவர் லோடு ஏற்றிக்கொண்டு போய்க் கிராமத்து வீடுகளில் இறக்குவார். வீட்டுக்குப் பின்னால் சிமெண்ட் ஷீட் போட்ட கொட்டகையில் புருசனும் பெண்டாட்டியுமாக உட்கார்ந்து வெடிக்கு மருந்து அடைப்பார்கள். லைசென்ஸ் கிடையாது, ஒன்றும் கிடையாது. ஊருக்கே தெரியும். தெரியாதவர்கள் தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் மட்டும்தான்.

மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது கூப்பிட்டார்கள். முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண். வெம்பக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். மாடிப்படியிலிருந்து விழுந்துவிட்டாள் என்று சொல்லிக் கொண்டுவந்திருந்தார்கள். பிரஷர் பாதாளத்தில் இருந்தது. ஸ்கேன் பார்த்ததில் இடது சிறுநீரகத்தைச் சுற்றி ரத்தம் கட்டியிருந்தது. சிடி ஸ்கேன் எடுக்கிற அளவுக்குக்கூட அவளால் தாங்க முடியாது என்று நேரே நம் அறைக்கு அனுப்பிவிட்டார்கள். விழுந்தவள் என்பதால் முதுகெலும்பு உடைந்திருக்கலாம், புரட்டக் கூடாது என்று மல்லாக்கப் படுக்கவைத்தபடியே கொண்டுவந்தார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு உதவியாக அசோக் நின்றான். இப்போது உங்களில் பலருக்கு அவன்தான் பெரிய டாக்டர். அன்றைக்குப் படிப்பு முடித்துச் சூடு ஆறாத பையன். குழாயைச் சிறுநீரகத் தமனி வரைக்கும் கொண்டுபோய், படத்தில் கறுப்பாகத் தெரிகிற சாயத்தைத் தள்ளி முதல் படம் எடுத்தான். திரையில் சிறுநீரகத்தின் கீழ்ப்பக்கத்தில் கறுப்பாக ஒரு ஒழுகல். அது மட்டும்தான் தெரிந்தது, வேறு ஒன்றும் இல்லை. கம்பெனிக்காரர் எக்ஸ்ரே படாமலிருக்க ஈய உடுப்பை மாட்டிக்கொண்டு கேமராவைச் சரிபார்த்தார்.

"சூப்பர் கேஸ் மேடம், ஒரே லீக். நேரா போய்த் தள்ள வேண்டியதுதான்" என்றார்.

அசோக் ஜெல் ஊசியைக் கையில் எடுத்துவிட்டான். நான் திரையைக் கிட்டத்தில் பார்ப்பதற்காகத் தலைமாட்டுப் பக்கம் நகர்ந்தபோது என் முழங்கை மேசை விரிப்பில் பட்டது. விரிப்பு நனைந்திருந்தது. ரத்தம் என்று நினைத்துப் பார்த்தேன், தண்ணீர். அவள் தலைக்கு மாட்டியிருந்த தொப்பிக்குள்ளிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. தொப்பியைத் தூக்கினேன். முழுக்க நனைந்த தலை. சோப்பு வாசனை.

மாடிப்படியில் விழுந்தவளுக்கு எதற்குத் தலை ஈரம்?

அந்த நேரம் நர்ஸ் குரல் கொடுத்தாள். "மேடம், விரல்ல மாட்டுன கிளிப்புல ஆக்சிஜன் ரீடிங்கே வரமாட்டேங்குது." பிரஷர் விழுந்தவர்களுக்கு அப்படி வருவதுதான். ஆனாலும் கிளிப்பைக் கழற்றிப் பார்த்தேன். கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருக்கிறார்கள், தோலெல்லாம் சிவந்துபோயிருந்தது. நகத்துக்கு அடியில் மட்டும் எடுக்க முடியவில்லை. வெள்ளி மாதிரி மினுங்கியது. வெடி மருந்தில் சேர்க்கிற அலுமினியப் பொடி.

அசோக் பார்த்துவிட்டு, "மேடம், இந்தப் பக்கம் எல்லார் நகமும் இப்படித்தானே இருக்கும்" என்றான். சரிதான். அது ஒன்றும் பொய்யில்லை. ஆனால் எல்லார் தலையும் நனைந்து வருவதில்லை.

இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது, உங்களுக்கு எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது. திருட்டுக் கொட்டகையில் வெடித்தால் அடிபட்டவரை உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட மாட்டார்கள். முதலில் குழாயடிக்குக் கொண்டுபோவார்கள். பொடி போகக் குளிப்பாட்டுவார்கள். கருகின துணியை அவிழ்த்துப் புதைத்துவிட்டு வேறு துணி உடுத்துவார்கள். தலை சீவிவிடுவார்கள். அப்புறம், பக்கத்து ஆஸ்பத்திரியில் தெரிந்த முகம் இருக்கும் என்று அதைத் தாண்டி, அதற்கடுத்ததையும் தாண்டி, யாருக்கும் தெரியாத ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து, விழுந்துட்டாக என்பார்கள். உயிர் ஒழுகிக்கொண்டிருக்கும்போது ஒரு மனுசியை உட்கார வைத்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள்.

செல்வி வெடித்து வந்தவள் என்றால் எல்லாமே மாறிவிடும். விழுந்தால் சிறுநீரகம் நசுங்கும். வெடித்தால் ஏதாவது உள்ளே குத்தியிருக்கும். குத்தினது தமனியையும் பக்கத்திலிருக்கும் சிரையையும் சேர்த்துக் கிழித்திருந்தால் இரண்டுக்கும் நடுவே ஒரு குறுக்கு வழி திறந்திருக்கும். பிரஷர் கீழே கிடக்கும்போது, குழாய்கள் பயந்து சுருங்கியிருக்கும்போது, அந்த வழி முதல் படத்தில் தெரியாமல் போகலாம். அதற்குள் ஜெல்லைத் தள்ளினால் இறுகுவதற்கு முன்னால் அது சிரைக்குள் போய், இதயத்துக்குள் போய், நுரையீரலில் உட்காரும். ரத்தக் கசிவை நிறுத்தப் போய் மூச்சை நிறுத்தியிருப்போம். ஜெல்லைத் திருப்பி எடுக்க முடியாது. அதுதான் அதன் அருமையும், அதுதான் ஆபத்தும்.

"ஊசியைக் கீழ வை" என்றேன்.

"மேடம், பிரஷர் இறங்கிக்கிட்டே இருக்கு."

"எனக்கும் கண்ணு இருக்கு. கீழ வை."

கம்பெனிக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். உங்கள் கேமராவை உடைத்துவிடுவேன் என்றேன். சொன்னதற்கு இன்றைக்கும் நான் வருத்தப்படவில்லை.

நர்ஸை வெளியே அனுப்பி, கூட வந்தவர்களிடம் எங்கே வெடித்தது என்று கேட்டு வரச் சொன்னேன். அவள் போன வேகத்தில் திரும்பினாள். வெளியே புருசன் நிற்கிறான், ஆனால் வாயே திறக்கவில்லை, பக்கத்தில் வெள்ளை வேட்டி கட்டிய சொந்தக்காரர் ஒருவர்தான் பேசுகிறார், மாடிப்படி என்கிறார் என்றாள். அந்தச் சொந்தக்காரர் லோடு இறக்குகிற கான்ட்ராக்டர்தான் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவள் வந்ததிலிருந்து இத்தனை பேர் இவளைப் பற்றி இத்தனை பேரிடம் கேட்டிருக்கிறோம். அவள் விழித்துக்கொண்டு படுத்திருக்கிறாள். அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை.

குனிந்து முகத்துக்குப் பக்கத்தில் போனேன். கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"செல்வி, எங்கம்மா வெடிச்சது?"

"விழுந்துட்டேன்."

"மாடிப்படியிலயா? உங்க வீட்டுல மாடி இருக்கா?"

கண்ணோரம் தண்ணீர் மட்டும் வழிந்தது.

"இங்க பாரு. நான் போலீஸ் இல்ல. உனக்குள்ள ஒரு ஓட்டை இருக்கு, அது எப்படி ஆச்சுன்னு தெரிஞ்சாத்தான் என்னால சரியா அடைக்க முடியும். தப்பா அடைச்சா நீ செத்துப்போயிருவ."

அவள் ரொம்ப நேரம் என்னையே பார்த்தாள். ரொம்ப நேரம் என்று எனக்குத் தோன்றியது. அசோக் மறுபடி மறுபடி பிரஷரைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"கொட்டகை அவுக பேருல இருக்கு" என்றாள். குரலே எழவில்லை. "நான் சொன்னா எங்க வீட்டுக்காரருக்குக் கேஸ் வருமா டாக்டரம்மா?"

சாகக் கிடக்கிறவள் கேட்கிற கேள்வியைப் பாருங்கள். வராது என்று சொல்லியிருந்தால் உடனே சொல்லியிருப்பாள். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அன்றைக்குக் காலையிலிருந்து அவளைச் சுற்றி எல்லாரும் பொய்தான் பேசியிருக்கிறார்கள், நானும் ஒன்று சேர்க்க வேண்டாம் என்று பட்டது.

"வரலாம்மா. வராதுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா நீ இருந்தாத்தான் அந்தக் கேஸை அவுக கூட நின்னு பாக்க முடியும்."

கண்ணை மூடிக்கொண்டாள். போய்விட்டாள் என்றே நினைத்தேன். அப்புறம் உதடு அசைந்தது.

"முதுகுல ஷீட்டுத் துண்டு குத்திருச்சு. பிடுங்கிட்டாக."

நான் அவள் இடுப்புக்கு அடியில் கையை விட்டேன். துணியை உருட்டி அமுக்கிக் கட்டியிருந்தார்கள். மஞ்சள் பொடி, ரத்தம், குளிப்பாட்டின தண்ணீர் எல்லாம் சேர்ந்து நொதநொதவென்றிருந்தது. விழுந்தவளைப் புரட்டக் கூடாது என்ற படிப்பினால், வாசலிலிருந்து என் மேசை வரைக்கும் ஒருவரும் அந்த முதுகைப் பார்க்கவில்லை. ஒரு பொய்யைச் சொல்லி நம் கையையே கட்டிப்போட்டுவிட்டார்கள்.

"அசோக், இன்னும் உள்ள கிட்டப் போ. சாயத்தை வேகமா தள்ளி இன்னொரு படம் எடு."

எடுத்தான். சிறுநீரகம் முழுசாகக் கறுப்பதற்கு முன்னாலேயே சிரை கறுத்துவிட்டது. சாக்கடை மதகைத் திறந்துவிட்ட மாதிரி ஓடியது. அசோக் மேசையில் கிடந்த ஜெல் ஊசியைப் பார்த்தான், திரையைப் பார்த்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. கம்பெனிக்காரர் தன்பாட்டுக்குக் கேமராவை இறக்கிக்கொண்டார்.

மிச்சம் உங்களுக்குத் தெரிந்த வேலைதான். முதலில் அந்தக் குறுக்கு வழியில் பெரிய சுருள் கம்பிகளைப் போட்டு அணை கட்டினோம். வேகம் அடங்கி, சிரைப் பக்கம் ஒன்றும் போகவில்லை என்று திரும்பத் திரும்பப் பார்த்த பிறகு, கம்பிக்குப் பின்னால் கொஞ்சமே கொஞ்சம் ஜெல். அதற்குள் அவள் ரத்தம் உறைகிற சக்தியை இழந்திருந்தது, வெறும் கம்பி நின்றிருக்காது. ஜெல்தான் காப்பாற்றியது என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வர மாட்டேன். ஆனால் எப்போது காப்பாற்றியது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வெளியே போனேன். புருசன் சுவரோரமாகக் குத்தவைத்திருந்தான். மாரிமுத்து என்று பெயர். வெள்ளை வேட்டி எழுந்து கும்பிட்டார்.

"உசிருக்கு ஒண்ணும் இல்லையே டாக்டரம்மா?"

"நீங்க அவளுக்கு என்ன வேணும்?"

"தூரத்துச் சொந்தம்."

"தூரத்துலயே இருங்க" என்று சொல்லிவிட்டு மாரிமுத்துவிடம் கேட்டேன். "யாருப்பா பிடுங்குனது?"

அவன் அண்ணாந்து வெள்ளை வேட்டியைப் பார்த்தான். அப்புறம் தரையைப் பார்த்தான். "நான்தாம்மா. அண்ணாச்சிதான் பிடுங்கச் சொன்னாக. குத்துன துண்டோட போனா கேப்பாகன்னு."

"குளிப்பாட்டுனது?"

"நானும் எங்க அக்காளும். தண்ணி ஊத்த ஊத்தச் செவப்பாவே போச்சும்மா. போதும்னு சொன்னேன். தலையில இன்னும் பொடி இருக்கு, நல்லா ஊத்துலேன்னாக. தீபாவளிக்கு எடுத்த சேலையைக் கட்டிக் கூட்டியாந்தேன்." வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதான்.

வெள்ளை வேட்டி கொஞ்சமும் அசரவில்லை. "அதான் தப்பிச்சுட்டாளே, விடுங்க. ஏழை பாழைக. நீங்க விழுந்ததாவே எழுதிட்டீகன்னா அவுகளுக்குத்தான் நல்லது" என்றார்.

நான் அந்த வராந்தாவில் கத்தின கத்தலை இங்கே எழுதினால் இந்த மலரில் போட மாட்டார்கள். அந்த ஆள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார் என்று நினைக்காதீர்கள். செல்போனில் பேசிக்கொண்டே சாவகாசமாக நடந்து போனார். வாசலில் அவருடைய கார் ஸ்டார்ட் ஆகிற சத்தமும் எனக்குக் கேட்டது.

தலைவர் என்னைக் கூப்பிட்டார். பேஷண்ட் பிழைத்துவிட்டார், எதற்கு வம்பு, விழுந்தார் என்றே இருக்கட்டுமே என்றார். வெடித்தது என்றுதான் எழுதினேன், போலீசுக்கும் சொன்னேன். அதைச் செய்யாமல் விட்டிருந்தால் அந்தக் குழாயடியில் நானும் ஒரு வாளி ஊற்றினவள் ஆகியிருப்பேன்.

என்ன நடந்தது என்று கேட்கிறீர்களா? கொட்டகை மாரிமுத்து பெயரில் இருந்தது, அதனால் மாரிமுத்துவைப் பிடித்துப் போனார்கள். லோடு கொண்டுவந்து இறக்கினவர், துண்டைப் பிடுங்கச் சொன்னவர், தூரத்துச் சொந்தம் ஆகிவிட்டார். என் வார்டில் செல்வி படுத்திருந்தாள், அவளுக்குச் சோறு ஊட்டப் புருசன் இல்லை. உண்மையைச் சொன்னதற்கு இந்த ஊர் அவளுக்குக் கொடுத்த மரியாதை இது. எனக்கு அந்த ஆள் மேல் கோபம், அவரைத் தேடாத போலீஸ் மேல் கோபம், நகத்தில் வெள்ளி மினுங்கும் கையால் செய்த வெடியைத் தள்ளுபடி விலையில் அள்ளிக்கொண்டு போகிற எல்லார் மேலும் கோபம்.

வீடியோவும் வெளியே வந்தது. கம்பெனிக்காரர் கேமராவை இறக்கினாலும் எங்கள் மிஷினில் படம் எல்லாம் பதிவாகியிருந்ததே. ஒரு மாநாட்டில் பெரிய திரையில் போட்டார்கள், நான் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். முதல் படம், ஒழுகல், கம்பி, ஜெல், நின்றுவிட்டது. கைதட்டினார்கள். நடுவில் நான் ஊசியைக் கீழே வைக்கச் சொன்னதும், அவள் கண்ணை மூடிக்கொண்டு யோசித்ததும், முதுகில் குத்தினதைச் சொன்னதும் அதில் இல்லை. நோயாளி மாடிப்படியில் விழுந்தவர் என்று கீழே எழுத்து வேறு ஓடியது. நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

சில மாதங்கள் கழித்து ஸ்கேன் எடுக்க வந்தாள். தனியாக வந்திருந்தாள். சிறுநீரகத்தில் கீழ்ப்பக்கம் கொஞ்சம் போய்விட்டது, மற்றது நன்றாக வேலை செய்தது. சொன்னேன், தலையாட்டினாள்.

"மாரிமுத்து எப்படி இருக்காரு?"

"ஜாமீன்ல வந்துட்டாக. எங்கூடப் பேசுறதில்ல."

"என் மேல உனக்குக் கோவமா?"

"ஆமா" என்றாள். சுற்றி வளைக்கவே இல்லை. "கோவமாத்தான் இருக்கு டாக்டரம்மா. நீங்க கேக்காம இருந்திருந்தா நான் சொல்லியிருக்க மாட்டேன்."

கேட்காமல் இருந்திருந்தால் நீ இருந்திருக்கவே மாட்டாய் என்று சொல்லத் தோன்றியது. அது அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? மருந்துச் சீட்டை நீட்டினேன், வாங்கிக்கொண்டு போனாள். இனி வர மாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த சீசன் வந்தது. எனக்கு ஓய்வுக்குச் சில வாரங்களே பாக்கி. அவசரப் பிரிவில் யாரோ ஒரு பெண் சத்தம் போடுவது கேட்டு எட்டிப் பார்த்தேன். செல்விதான். ஆட்டோவிலிருந்து இன்னொரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள், ஒருக்களித்துப் படுக்கவைத்தபடி. வேலை உத்தரவில் மையே காயாத ஒரு டாக்டர் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு, "விழுந்தாங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"விழல சார், வெடிச்சது. கொட்டகையில" என்றாள் செல்வி. "விலாவுல ஓட்டுத் துண்டு நிக்குது, பிடுங்கவிடல. அண்ணாச்சி ஆளு மாத்துச் சேலையோட வந்து நின்னான், குடத்தையும் தூக்கிட்டு வந்தான். நான் கிட்ட விடல."

அதே அண்ணாச்சி. வேறு கொட்டகை, வேறு பெயர், வேறு பெண். எனக்குச் சந்தோசமாக இருந்தது என்று எழுதினால் அது பொய். அசோக் என்னைத் தாண்டி ஓடினான். முதலில் பேப்பரை வாங்கவில்லை, ஸ்கேனையும் கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் தலையில் கையை வைத்தான்.

செல்வி என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை, கும்பிடவும் இல்லை.

"யாரும் தண்ணி ஊத்தல டாக்டரம்மா" என்றாள். "எல்லாம் அப்படியே இருக்கு, பாத்துக்கோங்க."

அந்தப் பெண்ணின் தலை முழுக்க வெள்ளிப் பொடி அப்பியிருந்தது. அசோக் கையை எடுத்து என்னிடம் காட்டினான். கை காய்ந்திருந்தது.